கூத்துக் கசெட்டை எதில் ஏற்றுவது?

கேள்வி: அப்பா எங்கட ஊர்க் கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாராக இருந்தவர். அவர் படித்த கூத்து, வைகாசியில் அம்மன் கோயில் சடங்கில் பதிந்த குளிர்த்திப் பாட்டு என்று 60 கசெட் அலுமாரியில் கிடக்கிறது. சினிமாப் பாட்டுச் சீடியும் ஒரு 100 இருக்கும். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் எல்லாத்தையும் எம்பி3 ஆக்கி ஒரு பென்ட்ரைவில் தருவதாகச் சொல்கிறார்கள். கொழும்பிலிருக்கிற தம்பி, ஃபிளாக்கில்தான் எடுக்க வேணும் என்கிறான். எதைச் செய்வது? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: தங்கச்சி, கசெட் விஷயத்தில் தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

ஃபிளாக், எம்பி3 இரண்டும் சத்தத்தைச் சுருக்கி வைக்கிற ஃபைல் வகைகள். ஃபிளாக் என்பது மடித்து வைத்த சாரி. இடம் குறையும், விரித்தால் ஒரு நூலும் குறையாது. எம்பி3 அப்படியில்லை. காதுக்குப் பெரிதாகத் தெரியாது என்று கணக்குப் போட்டு ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் சிறிதாகிறது. வெட்டியது திரும்பி வராது. மறுகா அதை ஃபிளாக்காக மாற்றினாலும் ஃபைல்தான் வீங்கும், சத்தம் அதேதான்.

வெட்டு எங்கே தெரியும் என்றால், உங்கள் அப்பாவின் கூத்தில் தட்டுகிற சல்லரித் தாளத்தில். மத்தளமும் குரலும் ஓரளவு தப்பிவிடும். சல்லரியும் சதங்கையும் 128 கேபிபிஎஸ் (ஒரு செக்கனுக்கு வைக்கிற தரவின் அளவு, கூடினால் தரம் கூடும்) எம்பி3இல் தண்ணீருக்குள் தட்டுகிற மாதிரிக் குழையும். கடைகளில் அவசரத்துக்குப் போடுவது பெரும்பாலும் அந்த அளவில்தான். 320இல் போட்டால் வித்தியாசம் பிடிப்பது எனக்கே கஷ்டம். ஆனால் நாளைக்கு யாராவது இரைச்சலை நீக்கித் துப்புரவாக்க வேணுமென்றால் வெட்டுப்படாத மூலம் கையில் இருக்க வேணும். இந்தக் கசெட்டுக்கு உலகத்தில் வேறு கொப்பி கிடையாதே.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மணித்தியால ஸ்டீரியோ, சீடித் தரத்தில், மடிக்காமல் வைத்தால் சுமார் 635 மெகாபைட். ஃபிளாக்கில் 300 முதல் 400 வரை வரும். 320 எம்பி3 என்றால் 144. கசெட் ஒன்று ஒரு மணித்தியாலம் என்று வைத்தாலும், 60ம் ஃபிளாக்கில் 25 ஜீபிக்குள் அடங்கிவிடும்.

உண்மையான வேலை பதிவதில்தான். நான் முதல் தடவை லப்டொப்பின் மைக் ஓட்டையில் வயரைச் செருகி, பத்துக் கசெட்டை ஒற்றைப் பக்கச் சத்தமாகப் பதிந்துவிட்டு, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினவன். அந்த ஓட்டை பெரும்பாலும் மோனோ. லைன்-இன் (பிளேயரின் ஸ்டீரியோச் சத்தத்தை வாங்குகிற ஓட்டை) உள்ள சிறிய யூஎஸ்பி பெட்டி ஒன்று வாங்குங்கள். ஓட விடுவதற்கு முன் கசெட்டின் மேல் விளிம்பிலிருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், தவறி அழிக்க முடியாது. ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். பிளேயரில் நாடாவைத் தொட்டு வாசிக்கிற ஹெட்டை ஐசோப்ரொபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நம்முடைய உப்புக்காற்றுக்கும் புழுக்கத்துக்கும் சில நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருக்கலாம். அப்படிப்பட்டதைப் போடவே வேண்டாம், ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போகும். அதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். கடைக்குத்தான் கொடுப்பதென்றால், ஃபிளாக் அல்லது வேவ் (மடிக்காத முழு ஃபைல்) தருவார்களா என்று முதலில் கேளுங்கள். முழித்தால் வேறு கடை பாருங்கள்.

சினிமாச் சீடிகளுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அந்தப் பாட்டுகள் இணையத்தில் கிடக்கின்றன. பிடித்ததை மட்டும் எம்பி3ஆக எடுங்கள், 256க்குக் குறையாமல்.

பென்ட்ரைவை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றைத் தம்பியிடம் கொழும்புக்கு அனுப்புங்கள். 2004இல் கடல் வந்த கரைக்காரருக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: ஓட்டோவுக்குப் பாட்டுப் போட, அக்கரைப்பற்றில் ஒரு கடையில் 'எச்டி ஃபிளாக்' பென்ட்ரைவ் கூடின விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? போனில் ஏற்றி புளூடூத்தில்தான் கேட்பேன். (வாசகர், நிந்தவூர்)

பதில்: வேண்டாம் தம்பி. சாதாரண புளூடூத் போகிற வழியில் பாட்டைத் திரும்பவும் சுருக்கித்தான் அனுப்பும். போதாததற்கு எஞ்சின் சத்தமும் காற்றும். நல்ல எம்பி3 தாராளம்.

அதோடு, கடைக்காரர் எம்பி3ஐயே ஃபிளாக்காக மாற்றியும் விற்கலாம். சத்தத்தை நிறப்படமாகக் காட்டுகிற ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒரு பாட்டைத் திறந்து பாருங்கள், மேலே போகப் போகக் கீச்சுச் சத்தம். நிறங்கள் 16 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் அறுத்த மாதிரி நேர்கோட்டில் நின்றால், அது பெயர் மாற்றிய எம்பி3 என்று சந்தேகிக்கலாம். வெட்டு இல்லாவிட்டாலும், உங்கள் ஓட்டோவில் அந்தக் கூடின காசுக்கு ஒன்றும் கேட்காது. கிழிந்த ஸ்பீக்கர் இருந்தால் அதை மாற்றுங்கள்.