விக்கிப்பீடியாவில் எழுதுபவர் எதைக் கற்கிறார்?

"யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இடத்தில் எழுதி என்ன கற்றுக்கொள்ள முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு கூற்றை எதை வைத்து நம்புவது என்று கற்கலாம். சில ஆண்டுகளாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். கல்லூரியில்கூட இதை யாரும் எனக்கு இப்படிப் பழக்கவில்லை.

ஊர்க் கட்டுரைகளில் "இக்கோயில் 2000 ஆண்டுகள் பழமையானது" என்ற வரி அடிக்கடி வரும். யாராவது பக்கத்தில் "சான்று தேவை" என்று போடுவார். எழுதியவருக்குக் கோபம் வரும், கட்டுரையைப் பற்றி விவாதிக்க அதனுடன் இருக்கும் பேச்சுப் பக்கத்தில் வாதம் நடக்கும். அப்புறம் ஒருவர் தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டி, இன்ன அரசனின் ஆட்சியாண்டில் வெட்டியது என்று எடுத்துப் போடுவார். கோயிலின் வயது வேறு, அங்கே கிடைத்த கல்வெட்டின் வயது வேறு என்பது வாதிட்டவர்களுக்கும் வேடிக்கை பார்த்தவர்களுக்கும் அப்போது புரியும். இந்த வாதம் முழுவதும் பேச்சுப் பக்கத்தின் வரலாற்றில் அப்படியே இருக்கும். அச்சுப் புத்தகத்தில் முடிவு மட்டும்தான் கிடைக்கும்.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் முன்வைத்த கற்றல் கோட்பாடு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு குழுவின் ஓரத்தில் சிறு வேலைகளைச் செய்து, மெல்ல முழுப் பங்கு பெறுவதே கற்றல் என்கிறது அது. லேவ் முன்பு லைபீரியாவில் தையற்காரர்களை ஆராய்ந்தவர். அங்கே புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பொத்தான் தைப்பார், ஓரம் மடிப்பார், பிறகு துணியை இணைத்துத் தைப்பார். துணி வெட்டும் வேலை கடைசியில்தான் வரும். வெட்டு தவறினால் துணியே போய்விடும், பொத்தானைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். விக்கியில் எழுத்துப்பிழை திருத்துவதும், கட்டுரை எந்தத் தலைப்பு வகையில் வரும் என்று காட்டும் பகுப்பைச் சேர்ப்பதும் பொத்தான் தைப்பது போன்ற வேலைகள். அதைச் செய்தபடியே மூத்த பயனர்கள் எப்படி வாதாடுகிறார்கள் என்று பார்த்துப் பழகுகிறோம்.

ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது. வெளியான சான்று இருந்தால்தான் தகவல் நிற்கும். நம் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்த விளையாட்டையும் மருந்தையும் யார் அச்சிட்டார்கள்? 2011-இல் அச்சல் பிரபாலா என்ற விக்கிப்பீடியா ஆர்வலர் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்களின் பேச்சைப் பதிவுசெய்து, அதையே சான்றாகக் காட்டும் முயற்சியை நடத்தினார். அதைப் பலர் ஏற்கவில்லை. என்னைக் கேட்டால், விளையாட்டு, சமையல், கைத்தொழில் முறை இவற்றுக்காவது யார், எங்கே, எப்போது சொன்னார் என்ற விவரத்தோடு ஒலிப்பதிவை ஏற்க வேண்டும். கோயிலின் வயதுக்கும் மருந்தின் பலனுக்கும் அது போதாது.