அப்போஸ்டில் வாங்கிய பிறகு தூதரக முத்திரை எதற்கு?

கேள்வி: வேலைக்காகக் குடும்பத்தோடு வெளிநாடு போகிறேன். திருமணச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் கேட்கிறார்கள். நோட்டரி, அப்போஸ்டில், தூதரக முத்திரை மூன்றும் வேண்டும் என்று ஏஜென்ட் தனித்தனியாகப் பணம் கேட்கிறார். சான்றிதழ்கள் இரண்டையும் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: மூன்றும் சேர்ந்து தேவைப்படாது. அப்போஸ்டில் என்பது சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று அரசு இணைத்துத் தருகிற சான்றுத் தாள். தூதரகத்துக்கு அலையும் வேலையை ஒழிக்கத்தான் 1961 அக்டோபர் 5-இன் ஹேக் உடன்படிக்கை அப்போஸ்டிலைக் கொண்டுவந்தது. சான்றிதழ் தந்த நாடு, கேட்கிற நாடு இரண்டும் அதில் உறுப்பினர் என்றால் அந்த ஒரு தாளே போதும். சவுதி அரேபியா 2022 டிசம்பரில், சீனா 2023 நவம்பரில், கனடா 2024 ஜனவரியில் இதற்குள் வந்தன. அதற்கு முந்தைய பட்டியலைக் காட்டி இன்னமும் ‘எம்பசி ஃபீஸ்’ வாங்குகிற ஏஜென்டுகள் இருக்கிறார்கள். எந்த நாட்டுக்கு எது என்று அரசு அலுவலகக் கவுன்டரில் ஒரு தாள் ஒட்டிவைத்தால் பாதிப் பேர் இவர்களிடம் போகவே மாட்டார்கள். அதைச் செய்யத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

நோட்டரி இன்னும் பெரிய பொறி. ஜெராக்ஸில் நோட்டரி கையெழுத்து வாங்கி அதன்மேல் அப்போஸ்டில் போட்டால், அது நோட்டரியின் கையெழுத்துக்கு மட்டுமே சாட்சி. உங்கள் கல்யாணத்துக்கு அல்ல. அங்கே போனதும் திருப்பி அனுப்பிவிடக்கூடும். பவர் பத்திரம், சம்மதக் கடிதம் மாதிரி நீங்களே எழுதிக் கையெழுத்திடுகிற தாள்களுக்குத்தான் நோட்டரி.

லேமினேஷனைப் பிரிக்கப் பார்க்காதீர்கள், மையும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். பதிவு அலுவலகத்தில் புதுச் சான்றிட்ட பிரதி வாங்குங்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு. அப்போஸ்டில் தருகிறவர், சான்றிதழில் உள்ள கையெழுத்தைத் தன்னிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவார். பல வருடம் முன்பு ஓய்வுபெற்ற பதிவாளரின் கையெழுத்து அங்கே இல்லாமல் போகலாம். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அதையும் இப்போதே திருத்திவிடுங்கள். அப்போஸ்டில் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்காது.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரு நாடுகளும் உறுப்பினராக இருந்தும் அப்போஸ்டில் செல்லாமல் போகலாம். ஒரு நாடு புதிதாகச் சேரும்போது, ஏற்கெனவே இருக்கும் நாடு எதிர்ப்புப் பதிவு செய்தால், அந்த இரண்டு நாடுகளுக்கிடையில் மட்டும் உடன்படிக்கை அமலுக்கு வராது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி அப்படி எதிர்த்தது. எதிர்ப்பைப் பின்னாளில் விலக்கிக்கொள்ளவும் செய்யலாம். அதனால் ‘உறுப்பினரா’ என்று மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். இந்த உடன்படிக்கையைக் கவனிக்கும் ‘ஹேக் மாநாடு’ (HCCH) என்ற அமைப்பின் இணையதளத்தில் உறுப்பினர் அட்டவணை இருக்கிறது; அதில் உங்கள் நாட்டின் வரிசை, போகிற நாட்டின் வரிசை இரண்டிலும் எதிர்ப்புக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பணம் கட்டும் முன் அந்த நாட்டுத் தூதரகத்தையே எழுத்தில் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பு கடைசியில்தான், அப்போஸ்டில் தாளையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்லலாம். அந்த நாடு ஏற்கும் மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டும். முதலிலேயே செய்துவிட்டால் இரண்டாம் முறை காசு. ஸ்கேன் எடுக்க வசதி என்று அப்போஸ்டில் தாளின் பின்னைக் கழற்றாதீர்கள், பிரித்த தாளை ஏற்க மறுப்பார்கள்.

ஏஜென்டிடமே கொடுத்தீர்கள் என்றால், திரும்பி வந்ததும் அப்போஸ்டிலில் 6-ஆவது இடத்தில் தேதியும் 8-ஆவது இடத்தில் எண்ணும் இருக்கும், பாருங்கள். வழங்கிய அலுவலகம் அவற்றைப் பதிவேட்டில் வைத்திருந்தே ஆக வேண்டும். கேட்டால் சரிபார்த்துச் சொல்லவும் வேண்டும். பல நாடுகளில் இணையத்திலேயே பார்க்கலாம். பதிவேட்டில் அந்த எண் இல்லையென்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.