நட்சத்திர விடுதிகளில் கான்சியர்ஜ் என்பவருக்கு என்ன வேலை? கன்னியாகுமரி போன்ற ஊரில் அந்த வேலைக்கு இடம் உண்டா?

கேள்வி கேட்டவர் விடுதி மேலாண்மை படித்துவிட்டு வேலை தேடுபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். "கன்னியாகுமரி போன்ற ஊரில்" என்ற சொற்கள்தான் என்னை எழுத வைத்தன. கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் நெடுநாள் இருந்தவன் நான்.

வரவேற்பாளர் அறையைக் கொடுப்பார். கிளம்பும்போது கணக்கை முடித்துப் பணம் வாங்குவார். கான்சியர்ஜுக்கோ விருந்தினர் வாசலைத் தாண்டிய பிறகு நேரும் எல்லாவற்றிலும் பொறுப்பு உண்டு. வண்டி, பயணச்சீட்டு, உணவகத்தில் மேசை, நள்ளிரவில் மருத்துவர், தொலைந்த கடவுச்சீட்டு என்று எதைக் கேட்டாலும், தனக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரை உடனே அழைத்துக் கேட்டுச் சொல்ல வேண்டியவர் அவர். ஐரோப்பாவின் பழைய பெரிய விடுதிகளில் அறைச் சாவிகளும் விருந்தினர்களின் கடிதங்களும் அவர் கையில்தான் இருந்தன. கோட்டின் மடிப்பில் அவர்களில் சிலர் அணியும், ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்ட இரண்டு தங்கச் சாவிகள் 'லே க்ளே தோர்' என்ற சங்கத்தின் சின்னம். பாரிஸ் விடுதிகளின் கான்சியர்ஜுகள் சிலர் 1929-இல் கூடித் தொடங்கிய அந்தச் சங்கம், 1952-இல் பிரான்சின் கான் நகரில் பல நாட்டவர் சேர்ந்த அமைப்பாக விரிந்தது. பல ஆண்டு அனுபவமும் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்களின் பரிந்துரையும் இல்லாமல் அந்தச் சாவிகள் கிடைப்பதில்லை.

எங்கள் முதலாளி இதை எங்கோ பார்த்துவிட்டு, அதே சாயலில் பித்தளை ஊசிகளை வாங்கிவந்து, பெட்டி தூக்கும் பையன் முதல் எல்லோர் சட்டையிலும் குத்தச் சொன்னார். சட்டம் படிக்காதவன் வக்கீல் அங்கியை மாட்டிக்கொண்டது போல எனக்குக் கூசியது. நான் மட்டும் குத்திக்கொள்ளவில்லை. அதற்காகத் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கியதைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தமில்லை.

அந்த ஊசி வந்த சமயத்தில்தான் கொல்கத்தாவிலிருந்து வயதான தம்பதி ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, மாலையில் கடலுக்குள் சூரியன் மறைவது, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் திருவனந்தபுரத்தில் விமானம் என்று திட்டம் வைத்திருந்தார்கள். எங்கள் விடுதியோடு இணைந்த வண்டிக்காரரும் அதற்கேற்ப வாடகை பேசி முடித்துவிட்டார். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது இந்த மாவட்டத்தில் வண்டி ஓட்டும் யாருக்கும் தெரியாததன்று. தக்கலைக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும், அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. அந்தத் துறையின் விடுமுறைதான் அங்கே செல்லும்.

நான் பெரியவரிடம் உள்ளதைச் சொன்னேன். தக்கலை திருவனந்தபுரம் போகும் வழியிலேயே இருப்பதால், செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டிகளோடு கிளம்பி அரண்மனையைப் பார்த்துவிட்டு அப்படியே விமான நிலையம் போகலாம், தனி வண்டிச் செலவு மிச்சம் என்றேன். திங்கட்கிழமை காலையில் சுசீந்திரம் கோயில். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், சிலர் வாசலில் நின்று சங்கடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு வட்டக்கோட்டை. கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடாது என்பதால், காலையில் படகுத்துறையை விசாரித்துச் சொல்வதாக ஏற்றுக்கொண்டேன். அது மே மாதம். கடலுக்குள் சூரியன் இறங்கும் காட்சி குளிர்கால மாதங்களுக்கு உரியது, இப்போது நிலப்பக்கமாகத்தான் மறையும் என்று சொன்னபோது அந்த அம்மாவின் முகம் வாடியது. இருந்தாலும் கடற்கரையில் போய் ஏமாந்து நிற்பதற்குப் பதிலாக அறையிலேயே தெரிந்துகொண்டது நல்லது என்று அவரே சொன்னார்.

வண்டிக்காரர் முதலாளியிடம் முறையிட்டார். "எதுக்கு மக்கா அடுத்தவன் வயித்துல அடிக்கே?" என்று முதலாளி என்னிடம் கேட்டாரே தவிர, பூட்டிய அரண்மனைக்கு முதியவர்களை அழைத்துப்போவது சரியா என்று அவரிடம் கேட்கவில்லை. அந்த வாடகையில் விடுதிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியாததா?

ஓட்டுநர்களை இழிவுபடுத்துகிறேன் என்று யாரேனும் கருத்துரையில் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: படகு நின்றுபோன நாட்களில் தாமாகவே தொலைபேசியில் கூப்பிட்டு எச்சரித்த ஓட்டுநர்களும் எனக்கு உண்டு, இந்த ஊரில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் சொல்லிக்கொடுத்தது. பங்குப்பணம் வாங்குவதே பாவம் என்றும் நான் சொல்லவில்லை, சம்பளம் என்ன என்று எனக்கும் தெரியும். விருந்தினருக்குச் சொல்லும் பதிலை அந்தப் பங்கு தீர்மானிக்கும் இடத்தில் கான்சியர்ஜ் என்ற பலகையை வைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இங்குள்ள பெரும்பாலான விடுதிகளில் அந்தப் பெயரில் பதவி கிடையாது. அந்த வேலையை வரவேற்பு மேசையில் இருப்பவர்தான் சேர்த்துப் பார்க்கிறார். பதவியாகவே வேண்டுமென்றால் சென்னையின் பெரிய விடுதிகளுக்கோ திருவனந்தபுரத்தை அடுத்த கோவளம் பக்கமோ விண்ணப்பியுங்கள். நேர்முகத்தில், வண்டி வாடகையிலும் கடைகளிலும் விடுதிக்குப் பங்கு உண்டா, அதற்கு மாதந்தோறும் இலக்கு வைக்கிறீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். இலக்கு உண்டு என்றால், சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் நான் சேர மாட்டேன்; உங்களுக்கு வீட்டுக்கடன் இருந்தால் நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.