ஜரன்வாலாவுக்காக என்ன சொல்லி ஜெபிப்பது? – கேள்வி பதில்

எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு, இஸ்லாமிய நாடுகளில் உபத்திரவப்படும் விசுவாசிகளைப் பற்றிய ஜெபக்குறிப்புகளைப் பல வருடங்களாக எழுதித் தருகிறேன். அவற்றைப் படித்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில். பாகிஸ்தானைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். பதிலும் அந்தப் பக்கமே சாயும்.

நாசரேத்திலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, "உபத்திரவப்படும் உம் பிள்ளைகளைக் காத்தருளும்" என்று ஒரே வரியில் எங்கள் ஜெபம் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வரியில் குற்றமில்லை அம்மா. ஆனால் நம் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் "நோயாளிகளைக் காத்தருளும்" என்றா ஜெபிக்கிறோம்? எந்த வார்டு, எந்த டாக்டர், நாளைக்கு என்ன ஸ்கேன் என்று ஒன்றுவிடாமல் ஆண்டவரிடம் சொல்லித்தானே அழுகிறோம்.

ஜரன்வாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில், பைசலாபாத் மாவட்டத்தில் உள்ள ஊர். 2023 ஆகஸ்ட் 16 அன்று, குர்ஆனை இரண்டு கிறிஸ்தவர்கள் அவமதித்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. மசூதி ஒலிபெருக்கிகளில் அழைப்பு போனது. திரண்ட கூட்டம் இருபதுக்கும் மேற்பட்ட ஆலயங்களையும் ஏராளமான வீடுகளையும் சூறையாடியது, கொளுத்தியது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, கரும்புக் காடுகளில் இரவைக் கழித்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள், அல்லது வழக்கிலிருந்தே விடுபட்டுவிட்டார்கள்.

இப்போது ஜெபிக்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீட்டைக் கொளுத்தியவனைத் தெருவில் தினமும் பார்த்துக்கொண்டு வாழ வேண்டிய குடும்பங்கள். கோர்ட்டில் அடையாளம் காட்டலாமா வேண்டாமா என்று தவிக்கும் சாட்சிகள். எரிந்துபோன பள்ளிச் சான்றிதழ்களும் அடையாள அட்டையும் மறுபடி கிடைக்க வேண்டும். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டாலே நடுங்கும் குழந்தைகள். அரை மணி நேரம் போதாது.

தூத்துக்குடி, சட்டக் கல்லூரி மாணவர்: தெய்வ நிந்தனைச் சட்டம் என்று எப்போதும் சொல்கிறீர்கள். அது எப்படி வேலை செய்கிறது?

நீங்கள் படிக்கிற படிப்புக்கு இது தெரிந்திருக்க வேண்டியதுதான் தம்பி. பாகிஸ்தான் தண்டனைச் சட்டமும் பழைய இந்திய தண்டனைச் சட்டமும் 1860-இல் வெள்ளைக்காரன் போட்ட ஒரே சட்டத்திலிருந்து வந்தவை. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 295-ஏ பிரிவு 1927-இல் சேர்ந்தது. அதுவரை இரண்டு நாட்டுக்கும் பொது. அதன்பின் பாகிஸ்தானில், ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் ஜியா உல் ஹக் காலத்தில், 1982-இல் 295-பி வந்தது: குர்ஆனை அவமதித்தால் ஆயுள் தண்டனை. 1986-இல் 295-சி: நபிகள் நாயகத்தை நிந்தித்தால் மரணம் அல்லது ஆயுள். 1990-இல் மத்திய ஷரியத் நீதிமன்றம், மரண தண்டனை ஒன்றே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

அரசு இந்தச் சட்டத்தின் கீழ் இதுவரை ஒருவரையும் தூக்கிலிடவில்லை. அதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். குற்றச்சாட்டு எழுந்த அன்றே தண்டனை தொடங்கிவிடுகிறது. ஆசியா பீபியின் வழக்கு உங்களுக்குத் தெரியும். 2009 ஜூன் மாதம், ஷேக்குபுரா மாவட்டத்தில், வயலில் பால்சாப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள். கிறிஸ்தவரான ஆசியா மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடிக்க மாட்டோம், தீட்டு என்றார்கள். (இரட்டைக் குவளையைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.) வாக்குவாதம் முற்றி, நபிகளை நிந்தித்தார் என்று வழக்காகி, 2010 நவம்பரில் மரண தண்டனை. 2014-இல் லாகூர் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அடுத்த ஆண்டு மே மாதம்தான் கனடா போய்ச் சேர முடிந்தது.

இடையில் அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீரை 2011 ஜனவரி 4 அன்று அவருடைய பாதுகாவலரே சுட்டுக் கொன்றார். கொலையாளி கோர்ட்டுக்கு வந்தபோது வழக்கறிஞர்கள் சிலர் ரோஜா இதழ் தூவினார்கள். அந்தக் கொலையாளிக்குத் தண்டனை விதித்த நீதிபதி நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. ஆகவே கைதிக்காக மட்டும் ஜெபித்து நிறுத்திவிடாதீர்கள். கீழ்க்கோர்ட்டில் வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது தீர்ப்பு எழுதும் நீதிபதிக்காக, அந்த வழக்கை எடுக்கத் துணியும் வக்கீலுக்காக ஜெபியுங்கள். எந்த வழக்கிலும் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

மதுரை வாசகர்: "ஆப்கானிஸ்தானில் 22 மிஷனெரிகளுக்கு நாளை மரண தண்டனை, உடனே பகிருங்கள்" என்று எங்கள் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லாரும் கண்ணீரோடு ஜெபித்தோம். உண்மையா?

இல்லை. அந்த "நாளை" பல வருடமாக வராமலேயே இருக்கிறது. இதற்கு அடியில் ஒரு உண்மைச் சம்பவம் உண்டு. 2007 ஜூலையில் தென்கொரிய சபையைச் சேர்ந்த 23 பேரைத் தாலிபான்கள் கடத்தினார்கள். இருவரைக் கொன்றார்கள். மீதி 21 பேரும் ஆகஸ்ட் முடிவதற்குள் விடுதலையானார்கள். அதன் நிழல்தான் இன்னும் சுற்றுகிறது.

நீங்கள் அழுத கண்ணீர் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேதி இல்லாத, ஊர் பெயர் இல்லாத, "உடனே பகிர்" என்று முடிகிற செய்தியை அனுப்பாதீர்கள். பொய்யை நான்கு தடவை கேட்டவன் ஐந்தாவதாக வரும் உண்மையையும் நம்ப மாட்டான். அதில் நஷ்டப்படுவது அங்கே உண்மையாகவே சிறையில் இருப்பவர்.

திருநெல்வேலி சிஸ்டர்: பாகிஸ்தானில் கிறிஸ்தவர்கள் எப்படி வந்தார்கள்? வெள்ளைக்காரர்களின் வாரிசுகளா?

இல்லை சிஸ்டர், மண்ணின் மைந்தர்கள். 2023 கணக்கெடுப்பின்படி 33 லட்சம் பேர், பெரும்பாலோர் பஞ்சாபிகள். 1873-இல் சியால்கோட் பகுதியில் தித் என்ற எளிய மனிதர் ஞானஸ்நானம் பெற்றார். கால் ஊனமானவர், தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவர். மிஷனெரி அவரைத் தேடிப் போகவில்லை, அவர்தான் மிஷனெரியைத் தேடி வந்தார். ஊருக்குத் திரும்பிப் போய்த் தன் சொந்தபந்தங்களைக் கூட்டி வந்தார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சூஹ்ரா ஜனங்கள் அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாக, கிராமம் கிராமமாக வந்தார்கள். திருநெல்வேலிச் சபை வளர்ந்த கதையை அறிந்த உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

சாதி மட்டும் பின்னாலேயே வந்தது. நகராட்சித் துப்புரவுப் பணிக்கு "முஸ்லிம் அல்லாதவர் மட்டும்" என்று விளம்பரம் போட்ட வழக்கம் அங்கே உண்டு. சாக்கடைக் குழிக்குள் இறங்கி மூச்சுமுட்டிச் சாகிறவர்களில் கிறிஸ்தவர்கள் அதிகம். செங்கல் சூளையில் முன்பணக் கடனுக்குத் தலைமுறையாகக் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்கள் வேறு. உபத்திரவம் என்றால் குண்டுவெடிப்பு என்று மட்டும் நினைக்கிறோம். முகமூடியும் கையுறையும் இல்லாமல் குழிக்குள் இறங்குவதும் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. சங்கீதங்களைப் பஞ்சாபிக் கவிதையாக்கி, நாட்டுப்புற மெட்டில் பாடுகிறார்கள். ஸபூர் என்று பெயர். இமாமுத்தீன் ஷாபாஸ் என்ற போதகர் எழுதியவை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் மனப்பாடமாகப் பாடுவாராம். கீர்த்தனையில் வளர்ந்த நமக்கு அந்த ருசி தெரியும்.

நம் சி.எஸ்.ஐ. போலவே பல சபைகள் ஒன்றுகூடி 1970-இல் உருவானது பாகிஸ்தான் திருச்சபை. பெஷாவரில் அதன் சகல பரிசுத்தவான்கள் ஆலயம், 1883-இல் குவிமாடமும் மினார்களும் வைத்துப் பார்வைக்கு மசூதி போலவே கட்டப்பட்டது. 2013 செப்டம்பர் 22 ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டு தற்கொலைக் குண்டுகள் வெடித்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தது அங்கேதான்.

மேலப்பாளையம் பக்கத்திலிருந்து ஒருவர்: எங்கள் அக்கம்பக்கம் முழுவதும் முஸ்லிம்கள். ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி வீட்டுக்கு வரும். இப்படிப்பட்ட ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்தால் அவர்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது அண்ணா.

நல்ல பயம். சில கூட்டங்களில் ஜெபம் என்ற பெயரில் வெறுப்புப் பேச்சு நடப்பதை நானும் கேட்டிருக்கிறேன். அங்கே போகாதீர்கள்.

ஆசியா பீபிக்காக உயிரைக் கொடுத்த தாசீர் முஸ்லிம். ஆசியாவுக்காக வாதாடிவிட்டு நாட்டைவிட்டு ஓட வேண்டிவந்த வக்கீல் சைஃபுல் மலூக் முஸ்லிம். விடுவித்த மூன்று நீதிபதிகளும் முஸ்லிம்கள். நிந்தனை வழக்கில் சிக்கியவர்களிலும் அதிகம் பேர் முஸ்லிம்களும் அகமதியாக்களும்தான் (ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் நம்மவர்கள் பங்கு மிக அதிகம் என்பதும் உண்மை). முல்தானில் ஜுனைத் ஹபீஸ் என்ற விரிவுரையாளர் 2013-இல் கைதானார். அவருக்காக வாதாடிய ரஷீத் ரஹ்மான் மறு வருடமே அலுவலகத்தில் சுடப்பட்டார். 2016 ஈஸ்டர் அன்று லாகூர் பூங்காவில் கிறிஸ்தவர்களைக் குறிவைத்து வெடித்த குண்டில் செத்தவர்களில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள்.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்கக் கூடாது. 2015 மார்ச் 15 அன்று லாகூர் யூஹனாபாத்தில் இரண்டு ஆலயங்களில் குண்டு வெடித்தது. வாசலில் காவல் நின்ற ஆகாஷ் பஷீர் என்ற இருபது வயதுப் பையன், குண்டோடு வந்தவனைக் கட்டிப்பிடித்துத் தடுத்துத் தானும் இறந்தான். அதே நாளில், வெறிகொண்ட கிறிஸ்தவக் கூட்டம் சம்பந்தமே இல்லாத இரண்டு முஸ்லிம்களை அடித்துக் கொன்றது. ஆகாஷைப் பற்றிச் சொல்கிற பிரசங்கி அந்த இருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கஞ்சியை வாங்கிக் குடியுங்கள்.

கோவை இளைஞர்: சத்துருக்களை அழித்துப்போடும் என்று சங்கீதங்களில் இருக்கிறதே, அப்படி ஜெபிக்கலாமா?

வீடு எரிந்தவர் ஜெபிக்கட்டும். அந்தச் சங்கீதங்கள் அவருக்காக இருக்கின்றன. கத்தியை எடுக்காமல் ஆண்டவரிடம் கத்துவதற்கு. ஏசி ஹாலில் உட்கார்ந்திருக்கும் நாம் அவர் குரலைக் கடன் வாங்கத் தேவையில்லை.

சென்னை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: உபத்திரவம் வந்தால் சபை வளரும் என்கிறார்களே. பிறகு ஏன் அது நிற்க வேண்டும் என்று ஜெபிக்கிறோம்?

இரத்தசாட்சிகளின் இரத்தம் சபைக்கு வித்து என்ற கருத்து ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனுடையது. அவர் கார்த்தேஜ் ஊர்க்காரர். இன்றைய துனீசியா. அந்த மண்ணின் பழைய சபை இடைக்காலத்திலேயே மறைந்துவிட்டது. ஈராக்கில் 2003-க்கு முன் ஏறக்குறைய 15 லட்சம் கிறிஸ்தவர்கள் என்பார்கள். இப்போது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 2014-இல் ஐ.எஸ். தீவிரவாதிகள் மோசூல் நகரத்துக் கிறிஸ்தவர்களின் வீடுகளில், நஸ்ரானி (கிறிஸ்தவர்) என்பதைக் குறிக்கும் நூன் என்ற அரபு எழுத்தை எழுதி விரட்டினார்களே, அந்தக் குடும்பங்களில் பலர் திரும்பவே இல்லை. ஈரானில் வளர்கிறது என்பதும் உண்மை. ஆகவே இது கணக்குச் சூத்திரமல்ல ஐயா. அடுத்தவர் படும் அடியில் நமக்கு எழுப்புதல் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே ஈரானைப் பற்றி, நாகர்கோவில் வாசகி: அங்கே பாராளுமன்றத்தில் கிறிஸ்தவ உறுப்பினர்கள் இருக்கிறார்களாமே?

மூன்று பேர். ஆர்மீனியருக்கு இரண்டு, அசீரியருக்கு ஒன்று. பிறப்பால் கிறிஸ்தவர் என்றால் தங்கள் மொழியில் ஆராதிக்கலாம். சிக்கல் பாரசீக மொழியில் ஆராதிக்கும்போதும், முஸ்லிமாகப் பிறந்தவர் விசுவாசியாகும்போதும் வருகிறது. அவர்கள் கூடுவது வீட்டுச் சபைகளில். பிடிபட்டால் பெரும்பாலும் "தேசப் பாதுகாப்புக்கு விரோதம்" என்றுதான் வழக்கு. மதமாறியதற்காக 2010-இல் மரண தண்டனை பெற்ற போதகர் யூசுப் நதர்கானி, 2012-இல் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்.

ஒரு தாயார், கன்னியாகுமரி மாவட்டம்: மகன் துபாய் போகிறான். இதெல்லாம் படித்துப் பயமாக இருக்கிறது.

துபாயில் ஆலய வளாகங்கள் உண்டு, தமிழ் ஆராதனையும் நடக்கிறது. தைரியமாக அனுப்புங்கள் அம்மா. சவுதியில் ஆலயமே கிடையாது. ஏமன் போர்க்களம். அங்கே 2016 மார்ச்சில் அன்னை தெரசா சபைக் கன்னியர் நால்வர் கொல்லப்பட்டார்கள்; கடத்தப்பட்ட கேரளப் பாதிரியார் டாம் உழுன்னாலில் 2017 செப்டம்பரில்தான் மீண்டார். எல்லா நாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். உலகில் கிறிஸ்தவர்களுக்குக் கொடுமையான நாடு எது என்ற பட்டியலில் பெரும்பாலும் முதலிடத்தில் நிற்பது வடகொரியா. அது இஸ்லாமிய நாடே அல்ல.

பெயர் வேண்டாம் என்றவர்: ஷாபாஸ் பட்டிக்காக ஜெபித்தோம், கொன்றுவிட்டார்கள். ஆசியா பீபிக்காக ஜெபித்தோம், வெளியே வந்தார். என்ன கணக்கு இது?

அப்போஸ்தலர் 12-ஐத் திறந்து பாருங்கள். யாக்கோபு வாளால் வெட்டப்படுகிறான், பேதுரு சிறையிலிருந்து வெளியே வருகிறான். ஒரே அதிகாரம், ஒரே ஏரோது, ஒரே சபை. காரணம் எழுதப்படவில்லை. பட்டி, பாகிஸ்தான் அமைச்சரவையில் இருந்த ஒரே கிறிஸ்தவர். மிரட்டல் வந்துகொண்டிருந்தது தெரிந்தும் விலகவில்லை. 2011 மார்ச் 2 காலையில் இஸ்லாமாபாத்தில் சுடப்பட்டார். என்னிடம் விளக்கம் இல்லை. பேதுரு வாசலில் நின்று தட்டியபோது, ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே ரோதையின் வார்த்தையை நம்பவில்லை என்பதையும் படியுங்கள்; அவ்வளவு விசுவாசத்தோடுதான் அவர்களும் ஜெபித்திருக்கிறார்கள்.

ஜெபக்குழுத் தலைவி, திருச்சி: இதற்கென்று தனி நாள் உண்டா? நாங்கள் புகைப்படங்களோடு பேனர் வைக்கலாமா?

நவம்பர் தொடக்கத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை உலகம் முழுவதும் சபைகள் இதற்காக ஒதுக்குகின்றன. 1996-இலிருந்து நடக்கிறது. பேனர் வைக்கலாம், ஆனால் மதம் மாறியவர்களின் முகமோ பெயரோ ஊரோ வேண்டாம். திருச்சியில் எடுத்த போட்டோ பேஸ்புக் வழியாக அன்று இரவே லாகூர் போய்விடும். நாட்டின் வரைபடமும், ஏற்கெனவே செய்தித்தாளில் வந்த பெயர்களும் போதும்.