மருத்துவத் தேர்வு ஆன்லைனுக்கு மாறும்போது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பல வருடங்களாக மருத்துவ மாணவர்களுக்குக் கேள்வித்தாள் தயாரித்தும் திருத்தியும் வருகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எழுத்துத் தேர்வை அப்படியே ஆன்லைனுக்கு மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் காப்பி அடிப்பார்களே, எப்படித் தடுப்பது டாக்டர்?

பதில்: அந்த ‘அப்படியே’தான் பிரச்சினை. தாளில் இருந்ததைத் திரையில் ஏற்றினால் பார்த்துத்தான் எழுதுவார்கள். ‘இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கூடுமா, குறையுமா?’ என்று கேட்டால் ஐந்து நொடியில் கூகுள் சொல்லிவிடும். இதையே இப்படிக் கேளுங்கள்: 62 வயது ஆண், சில மாதங்களாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஹீமோகுளோபின் 8, ஃபெரிட்டின் மிகக் குறைவு, வேறு தொந்தரவு எதுவும் சொல்லவில்லை. அடுத்து என்ன செய்வீர்கள்? ‘இரும்பு மாத்திரை கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொல்வேன்’ என்பதையும் விடைகளில் ஒன்றாக வையுங்கள். பாடத்தை மனப்பாடம் செய்தவர் அதில்தான் போய் விழுவார். குடலில் எங்கோ ரத்தம் கசிகிறது, புற்றுநோயாகக்கூட இருக்கலாம் என்று யோசித்து, இரைப்பையையும் பெருங்குடலையும் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கும் கொலனோஸ்கோபிக்கும் அனுப்புகிறவர்தான் நமக்கு வேண்டிய மருத்துவர்.

கேள்வி: நான் இறுதியாண்டு மாணவி. நீங்கள் சொல்கிற மாதிரிக் கேள்விக்குக்கூட சாட்ஜிபிடி சரியாகப் பதில் சொல்லிவிடுகிறதே?

பதில்: உண்மைதான் அம்மா, அதை மறைக்க முடியாது. 2020-இல் கொரோனா வந்தபோது லண்டன் இம்பீரியல் கல்லூரி தன் இறுதியாண்டு மாணவர்களுக்கு வீட்டிலிருந்தே, புத்தகம் பார்த்து எழுதும் தேர்வை நடத்தியது. அன்றைக்கு அது சரியான முடிவு. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மூன்று கட்டங்களின் கேள்விகளிலும் சாட்ஜிபிடி தேர்ச்சி எல்லையை ஒட்டி மதிப்பெண் வாங்கியது. அதற்குப் பிறகு என் நிலைப்பாடு மாறிவிட்டது.

கணினித் தேர்வு என்றாலே வீட்டிலிருந்து எழுதுவது என்று அர்த்தமில்லை. அதே அமெரிக்கத் தேர்வு 1999 முதலே கணினியில்தான் நடக்கிறது, ஆனால் தேர்வு மையத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். பாஸ், ஃபெயில் தீர்மானிக்கும் தேர்வு மையத்திலேயே நடக்கட்டும். பயிற்சித் தேர்வுகளை வீட்டிலிருந்து எழுதட்டும். அங்கே காப்பி அடித்தால் நஷ்டம் அவர்களுக்கே.

கேள்வி: கேமரா வைத்துக் கண்காணிக்கும் மென்பொருள் வாங்கலாமா?

பதில்: நான் பரிந்துரைப்பதில்லை. கேள்வியை முணுமுணுத்துப் படிப்பவர், யோசிக்கும்போது மேலே பார்ப்பவர் எல்லாரையும் அது சந்தேகப் பட்டியலில் சேர்க்கும். வெளிச்சம் குறைந்தாலும், தோல் கருப்பாக இருந்தாலும் முகத்தையே கண்டுபிடிக்காமல் திணறுகிற மென்பொருள்களும் உண்டு. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், அது காட்டும் சிவப்புக் கொடியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஆசிரியர் அந்த வீடியோவை முழுதாகப் பார்த்த பிறகே மாணவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

கேள்வி: செய்முறைத் தேர்வையும் ஜூமில் நடத்திவிடலாம் என்கிறார் எங்கள் துறைத் தலைவர். முடியுமா?

பதில்: பாதி முடியும். நோய் வரலாறு கேட்பது, கெட்ட செய்தியை எடுத்துச் சொல்வது, இன்சுலின் போடும் விதத்தை விளக்குவது, இதெல்லாம் வீடியோவில் நன்றாகவே நடக்கும். தொலைபேசியில் ஆலோசனை சொல்வதை ஒரு ஸ்டேஷனாகவே (செய்முறைத் தேர்வில் மாணவர் ஒவ்வொன்றாகப் போய்ச் செய்துகாட்டும் பகுதி) வைக்கலாம், நாளைக்கு அவர்கள் செய்யப்போகிற வேலைதானே.

ஆனால் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாணவர் கையை வலது அடிவயிற்றில் வைத்துத் தொடங்குகிறாரா, நோயாளி மூச்சை இழுக்கும்வரை காத்திருக்கிறாரா, அழுத்தும்போது வயிற்றைப் பார்க்கிறாரா, வலிக்கிறதா என்று முகத்தைப் பார்க்கிறாரா? பக்கத்தில் நின்றால்தான் இது தெரியும். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் ஓஸ்கி (OSCE) என்ற, ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடத்தும் செய்முறைத் தேர்வு முறையைக் கொண்டுவந்ததே இப்படிச் செய்வதைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடத்தான். ‘செய்வேன்’ என்று வாயால் சொல்வதற்கு மதிப்பெண் போடுகிற பழக்கம் ஆன்லைனில் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுகிறது. அமெரிக்காவில் இதே மாதிரிச் செய்முறைத் தேர்வை 2020-இல் நிறுத்தி, 2021 ஜனவரியில் கைவிட்டேவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்டேஷன்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், தேர்வைப் பல நாட்களாகப் பிரித்து நடத்துங்கள், ஆனால் கையால் தொட்டுப் பார்க்கும் ஸ்டேஷன்களை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எக்ஸ்ரே, ஈசிஜி படங்களைக் கேள்வியில் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

பதில்: மாணவர் பார்க்கப்போகும் அதே திரையில் நீங்களும் பாருங்கள். சுருக்கி ஏற்றிய படத்தில் நியூமோதோராக்ஸின் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) மெல்லிய கோடு மறைந்துவிடும், ஈசிஜியின் சின்னக் கட்டங்களை எண்ண முடியாது. போனில் தேர்வு எழுத அனுமதித்தால் இன்னும் மோசம்.

கேள்வி: நடுவில் நெட் போய்விட்டால்?

பதில்: நான் நடத்திய ஒரு தேர்வில் ஒரு மாணவிக்கு இணைப்பு அறுந்து, 11 நிமிடம் கழித்துத் திரும்பியது. கடிகாரம் நிற்காமல் ஓடியிருந்தது. போனில் அழுதாள், பதில் சொல்ல எங்களிடம் விதிமுறையே இல்லை. பிறகு அவளுக்கு மறுதேர்வு வைத்தோம், ஆனால் அன்றைய பதற்றத்தை அவள்தான் அனுபவித்தாள். விடைகள் மாணவரின் கணினியிலேயே சேமிக்கப்படுகிறதா, இழந்த நேரம் தானாகத் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், உதவிக்கு ஒரு எண் கொடுத்திருப்பார்கள் இல்லையா, முந்தைய நாளே நீங்கள் ஒருமுறை அழைத்துப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.