லோகோ வேண்டாம், லேபிள் கேட்கச் சொல்லுங்கள்

மகள் கோவையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு. லீவுக்குக் குன்னூர் வந்தால் லேப்டாப்பை விட்டு எழுவதில்லை. இந்தப் படிப்பில் இப்போதே நாலு காசு பார்க்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. முடியும். ஆனால் "லோகோ போட்டுத் தரட்டுமா" என்று கடை கடையாக ஏறினால் முடியாது. லோகோ இல்லாதது மலையில் எந்தக் கடைக்காரருக்கும் குறையாகத் தெரிவதில்லை. லேபிள் மூடுபனி ஈரத்தில் உரிவதும், அதில் தேதி முத்திரை குத்த இடமில்லாததும் தினமும் உறுத்தும். அதைச் சரிசெய்யத்தான் பணம் தருவார்கள்.

முதலில் காலம். ஏப்ரல், மே சீசனில் கல்லாவை விட்டு யாரும் தலை நிமிர மாட்டார்கள். அந்த விற்பனைக்கான பெட்டியை ஜனவரியிலேயே பேசிவிட வேண்டும். ஆயுதபூஜை விடுமுறைக் கூட்டத்துக்கு என்றால் ஜூலை மழையில், கடை காலியாக இருக்கும் பிற்பகலில் போகட்டும். போகும்போது அந்தக் கடைச் சரக்கு ஒன்றை விலைக்கு வாங்கி, லேபிளில் என்ன விடுபட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போகட்டும். "அண்ணா, இதுல எடை எங்க இருக்குன்னே தெரியல, வேற மாதிரி அடுக்கிக் காட்டட்டுமா?" இவ்வளவு பேசினால் போதும்.

சாக்லேட்டோ வர்க்கியோ, பொட்டலம் போட்டு விற்கும் உணவுக்கு அழகைவிடச் சட்டம்தான் இடத்தை அடைக்கும். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், சேர்மானங்கள், பால், கொட்டை போன்ற ஒவ்வாமைப் பொருட்கள், நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த எம்.ஆர்.பி., தேதிகள், தயாரிப்பாளர் முகவரி, புகாருக்கான எண் எல்லாம் வேண்டும். சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமும் உண்டு. லேபிளின் முன்பக்கம் 100 சதுர செ.மீ.க்குள் இருந்தால் வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும். இவற்றை முதலில் வைத்துவிட்டு மிஞ்சிய இடத்தில் படம் வரையட்டும். மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் கடைசியில் எம்.ஆர்.பி. எறும்பு அளவுக்குச் சுருங்குகிறது. எழுத வேண்டிய விவரங்களைக் கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் தட்டச்சாகவே வாங்கட்டும். குரல்பதிவைக் கேட்டு எழுதினால் பிழைக்கு யார் பொறுப்பு என்ற சண்டை நிச்சயம்.

நீலகிரித் தைலப் பாட்டில் வந்தால் தனிக் கவனம் தேவை. தைலம் கோந்தைக் கரைக்கும், லேசர் பிரிண்டின் டோனர் என்ற மைப்பொடியையும் கரைக்கும். மாதிரி லேபிளை ஒட்டி, ஒரு சொட்டுத் தைலம் விட்டு, மறுநாள் துடைத்துப் பார்த்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், பையோ உறையோ யோசனை சொல்லும்முன் எந்தப் பொருள் அனுமதிக்கப்பட்டது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடட்டும்.

தமிழ் எழுத்துதான் அச்சகத்தில் அதிகம் உதைக்கும். அடோபி மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோத்து அடுக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ' என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அது இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் அடித்து, அச்சுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்ற வேண்டும். திருத்தக்கூடிய மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும். படம் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி), நிறம் சி.எம்.ஒய்.கே. (அச்சுக்கான நான்கு மை முறை), சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க விடும் கூடுதல் பகுதி). திரையில் பளபளக்கும் தேயிலைப் பச்சை காகிதத்தில் மங்கித்தான் வரும். அதை முன்கூட்டியே கடைக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. ஏ4 தாளில் நிஜ அளவில் அச்செடுத்து, பெட்டியில் சுற்றி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். இருநூறு லேபிளுக்கு டிஜிட்டல் அச்சு, ஆயிரக்கணக்கில் என்றால் ஆஃப்செட் (தகடு செய்து அடிக்கும் அச்சு).

கட்டணத்தை மணியில் கணக்கிடட்டும். கடையில் 2 மணி, வடிவமைக்க 6, திருத்தத்துக்கு 3, அச்சகத்தில் 1, ஆக 12 மணி. மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தால் 1,800. மாதிரி அச்சு, பஸ் செலவு 300 சேர்த்து 2,100. பாதி முன்பணம் வராமல் வேலை தொடங்கக் கூடாது. அச்சுச் செலவு கடைக்காரருடையது. அதை மகள் கையிலிருந்து போட்டுவிட்டு வசூலிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். லேபிளின் அளவு, எத்தனை வகை, இரண்டு முறைதான் இலவசத் திருத்தம், ஒப்படைக்கும் தேதி, தொகை, இறுதி ப்ரூஃபை (அச்சுக்கு முந்தைய மாதிரியை) சரிபார்த்து ஒப்புதல் தருபவர் யார் என்பவை அதில் இருக்கட்டும். பதிப்புரிமையை மாற்றித் தருவதும் எழுத்தில்தான் நடக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்கே கருதப்படும். மகளுக்கு 18 நிரம்பவில்லையென்றால் அவள் செய்யும் ஒப்பந்தம் செல்லாது, நீங்கள் கையெழுத்திட வேண்டும். அங்கே உங்கள் வேலை முடிந்தது. பேரம் பேச நீங்கள் போகாதீர்கள், முதல் வாடிக்கையாளராகச் சித்தப்பா கடையையும் பிடிக்காதீர்கள். சொந்தக்காரரிடம் முன்பணம் கேட்க அவளுக்கு வாய் வராது.

இரண்டு விஷயங்களில் அவசரம் ஆகாது. கேன்வா வார்ப்புருவை அப்படியே லோகோவாகக் கொடுத்தால் கடைக்காரர் அதை டிரேட்மார்க்காகப் பதிய முடியாது. தோடர் எம்பிராய்டரிக்கு 2013 முதல் புவிசார் குறியீடு உண்டு. உள்ளூர் அழகு என்று அந்தக் கோலத்தைக் கேட்காமல் எடுத்துப் பெட்டியில் போடுவது தவறு.

மீதிப் பணம் வரும்வரை தண்ணீர்க்குறி (வாட்டர்மார்க்) போட்ட சிறிய படம் மட்டுமே போகட்டும், பணம் வந்த அன்றே அச்சுக் கோப்பு முழுவதும். அச்சான பெட்டியைக் கடை அலமாரியிலேயே படமெடுத்து போர்ட்ஃபோலியோவில் வைக்க அனுமதி உண்டு என்ற ஒரு வரியையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.