செம்புத் தகட்டைத் தட்டும்போது ஏன் அடிக்கடி சூடாக்க வேண்டும்?

பழைய பொருள்களை வாங்கி விற்கும் காராங் கூனிக்காரரிடம் வாங்கிய பழைய செம்புக் குழாயைப் பிளந்து, தகடாக்கி, கிண்ணமோ காதணியோ செய்யத் தொடங்கும் பலருக்கும் வரும் கேள்வி இது. முதலில் நன்றாக வளையும் செம்பு, தட்டத் தட்ட விறைத்து, கடைசியில் ஓரத்தில் வெடிக்கும். அதை மறுபடி மென்மையாக்கத்தான் சூடாக்குகிறோம்.

செம்பின் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டவை. அந்த அடுக்குகள் நழுவுவதால்தான் உலோகம் வளைகிறது. அடிக்க அடிக்க வரிசைகளில் குலைவு கூடி, நழுவ விடாமல் தடுக்கிறது. சூடு பட்டால் அணுக்கள் நகர்ந்து மீண்டும் ஒழுங்காகின்றன. புரோட்டா மாவைப் பிசைந்தவுடன் இழுத்தால் சுருங்கும், ஊறவிட்டால் தாளாக விரியுமே, அப்படித்தான்.

மங்கிய வெளிச்சத்தில் இலேசான சிவப்பு தெரிந்தால் போதும். 1,085 டிகிரி செல்சியஸில் செம்பு உருகிவிடும். துத்தநாகம் பூசிய இரும்பை மட்டும் தயவுசெய்து நெருப்பில் காட்டாதீர்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் இந்த வேலை வேண்டாம், காற்றோட்டமான பட்டறைதான் சரி.

அப்புறம், சூடான செம்பைத் தண்ணீரில் போட்டால் இறுகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இறுகுவது கத்தி செய்யும் எஃகு, செம்பு மென்மையாகவே இருக்கும், ஆறியபின் தாராளமாகத் தட்டலாம்.